மூட்டை தூக்குன சிப்பாய்ங்க பேரையும் போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நேதாஜி பிறந்த நாளுக்கு உங்க பேப்பர்ல ஐஎன்ஏ, அதான் நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம் பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க, மதுரையில இருக்குற என் மச்சான் அதை போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பிச்சாப்ல, இங்க எங்க கடையில வச்சு நாலஞ்சு பேரு சேந்து படிச்சோம். எங்க ஊரு சிரியம், ரங்கூனுக்கு ஆத்துக்கு அந்தப்பக்கம், இப்ப போர்டுல தான்லின்னு இருக்கும், நம்மாளுங்க வாயில இன்னும் சிரியம்தான். கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, குத்தம் கண்டுபிடிக்கிறதுக்குன்னே லெட்டர் போடுற ஆளு நான் இல்ல, ஆனா ரெண்டு விஷயத்தை சொல்லாம விட மனசு வரல.

மொத விஷயம் சின்னது. வெள்ளைக்காரன் ரங்கூனுக்குள்ள நுழையுற வரைக்கும் நேதாஜி அங்கயேதான் இருந்தாருன்னு போட்டிருக்கீங்க. அப்படி இல்ல சார். 1945 ஏப்ரல் 24ஆம் தேதியே அவரு கிளம்பிட்டாரு, ஜான்சி ராணி படைப் பொண்ணுங்களையும் கூட்டிக்கிட்டு சிட்டாங் ஆத்தைத் தாண்டி மோல்மீன் போயி அங்கேருந்து பாங்காக் போனாரு, வண்டி போற வரைக்கும் வண்டி, மிச்சமெல்லாம் நடை. பிரிட்டிஷ் பட்டாளம் ரங்கூன்ல வந்து எறங்குனது மே 3. ஜப்பான்காரனும் அதுக்கு முன்னாடியே மூட்டையக் கட்டிட்டான். அப்ப நடுவுல அந்த பத்து நாளும் ரங்கூன் யாரு கையில இருந்துச்சு? ரெண்டாவது விஷயம் அதுதான், அதுக்குத்தான் இந்த லெட்டரே.

ஐஎன்ஏ கையிலதான் இருந்துச்சு. போறதுக்கு முன்னாடி நேதாஜி சுமார் 6,000 பேரை ரங்கூன்லயே நிறுத்திட்டுப் போனாரு, நம்ம ஜனங்க உயிரையும் சொத்தையும் பாத்துக்கங்கன்னு. அவங்களுக்குத் தலைமை மேஜர் ஜெனரல் லோகநாதன். தமிழர் சார். டாக்டருக்குப் படிச்சு இந்தியன் மெடிக்கல் சர்வீஸ்ல இருந்தவரு, அந்தமானுக்கு தலைமை கமிஷனரா நேதாஜி அனுப்பி வச்சவரு, அங்க ஜப்பான்காரன் பள்ளிக்கூட இலாகாவத் தவிர வேற எதையும் கையில குடுக்காம அலைக்கழிச்சான்னு படிச்சிருக்கேன். ஒரு தமிழ் பேப்பர்ல, அரைப் பக்கத்துல, அவரு பேரு ஒரு எடத்துல கூட இல்ல. ஷா நவாஸ் இருக்காரு, சேகல் இருக்காரு, தில்லான் இருக்காரு, இந்த மூணு ஐஎன்ஏ அதிகாரிங்க மேல வெள்ளைக்காரன் நடத்துன செங்கோட்டை கேஸ் இருக்கு, இருக்க வேண்டியதுதான். ஆனா லோகநாதனுக்கு ஒரு வரி இல்லயா?

அந்த பத்து நாளு ஏன் பெருசுன்னு புரியணும்னா 1942ல இதே ரங்கூன் எப்படி இருந்துச்சுன்னு தெரியணும். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரன் மொத குண்டு போட்டான், கிறிஸ்துமஸ் அன்னைக்கு மறுபடியும் போட்டான். வேடிக்கை பாக்கலாம்னு தெருவுல நின்ன ஜனங்கதான் நெறைய செத்தது, பிளேன்லேருந்து இப்படி சாவு விழும்னு அதுக்கு முன்னாடி யாரு பாத்தா. அப்புறம் பிப்ரவரி மார்ச்சுல வெள்ளைக்காரன் காலி பண்ணிட்டு ஓடுனப்ப ஜெயில்ல இருந்தவனையும் பைத்தியக்கார ஆஸ்பத்திரில இருந்தவங்களையும் தொறந்து விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் கொள்ளை, தீ வைப்பு, கேக்க ஒரு ஆளு கிடையாது. 1931 கணக்கெடுப்புல ரங்கூன்ல பாதிக்கு மேல இந்தியக்காரங்க சார், மொத்த பர்மாவுலயும் 10 லட்சத்துக்கு மேல, அதுல கிட்டத்தட்ட 5 லட்சம் பேரு 42ல ஊரைப் பாத்து நடந்தாங்கன்னு சொல்றாங்க. புரோம் வழியா தாங்குப் கணவாயைத் தாண்டி அக்யாப், இல்லன்னா தாமு வழியா இம்பால். காலராவுல செத்தவங்க, காட்டுக்குள்ள ஒக்காந்து அப்படியே எந்திரிக்காதவங்க, அது தனிக் கதை, அதை வேற ஒரு நாளைக்கு எழுதுறேன். பட்ட அடி அப்படி. 45ல ஜப்பான்காரன் கிளம்புறான்னு தெரிஞ்சப்ப எங்க ஜனங்களுக்கு இருந்த பயம் வெள்ளைக்காரன் வர்றானேன்னு இல்ல, மறுபடியும் யாருமே இல்லாம போயிருமோங்கிற பயம்தான்.

இந்த எடத்துல எங்க தாத்தாவப் பத்தி சொல்லணும். பெருமைக்காக சொல்லல. உங்க கட்டுரையில வர்ற மாதிரி ஆளு இல்ல அவரு, அதுக்காகவே சொல்றேன்.

தாத்தா சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். பஞ்சம் பொழைக்க மெட்ராஸ்ல கப்பலேறி, டெக்குல படுத்துக்கிட்டு வந்தவரு, ரங்கூன்ல பசுண்டாங்கிற எடத்துல அரிசி மில்லுல மூட்டை தூக்குனாரு. மேஸ்திரிக்கு கடன் அடைச்சு முடிச்ச பெறகு ஊருக்குப் போயி பாட்டியக் கட்டிக் கூட்டிட்டு வந்தாரு, அந்தக் காலத்துல அதுவே பெரிய விஷயம், மத்தவங்கெல்லாம் பொண்டாட்டிய ஊர்ல விட்டுட்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா போயி வர்ற ஆளுங்க. 42ல எல்லாரும் நடக்க ஆரம்பிச்சப்ப பாட்டி நெறமாசம், கையில ஏற்கெனவே ஒரு பிள்ளை. நடக்க முடியல. அதனாலதான் நாங்க பர்மாக்காரங்களா ஆனோம், வேற பெரிய காரணம் ஒண்ணும் கெடையாது.

அவரு ஐஎன்ஏல சேந்தது 1944ல, நேதாஜி சிங்கப்பூர்லேருந்து தலைமையகத்தை ரங்கூனுக்குக் கொண்டு வந்த பெறகு. ஏன் சேந்தீங்கன்னு சின்னப் பையனா இருக்கும்போது நான் கேட்டிருக்கேன். நேதாஜி பேச்சைக் கேட்டு ரத்தம் கொதிச்சு சேந்தேன்னு சொல்வாருன்னு நெனச்சேன். பேச்சைக் கேட்டாராம், நெசந்தான், கூட்டத்துக்குப் போனாராம், இந்துஸ்தானியில பேசுனது பாதி புரியல, தமிழ்ல ஒருத்தர் எடுத்துச் சொன்னாராம், கேக்கும்போது ஒடம்பு சிலிர்த்துச்சாம். ஆனா சேந்ததுக்கு அவரு சொன்ன காரணம் மூணு. மில்லு மூடிக் கெடந்துச்சு, கூலி இல்ல. படையில சேந்தா அரிசி கெடைக்கும். அப்புறம் சும்மா திரியுற ஆம்பளைய ஜப்பான்காரன் பாலம் போட ரோடு போடன்னு புடிச்சிட்டுப் போவான், சயாமுக்கு ரயில் பாதை போடப் போயி செத்தவங்க கதி எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, யூனிஃபார்ம் போட்டவன அப்படித் தொட மாட்டான். இதைச் சொல்லிட்டு கடைசியில, நேதாஜி மேல மரியாதையும் இருந்துச்சுப்பா, இல்லன்னு சொல்லலன்னு சேத்துப்பாரு. எந்த வரிசையில சொன்னாருன்னு கவனிங்க. சோறு, கூலி, குடும்பம், அப்புறம் நாடு. இது அசிங்கமா? எனக்கு அப்படித் தோணல. பிள்ளைகுட்டிக்காரன் அப்படித்தான் யோசிப்பான். நீங்க எழுதுறப்ப மட்டும் இவங்க எல்லாரும் பொறந்த ஒடனே வீறுகொண்டு எழுந்துர்றாங்க.

சண்டைக்கு அவரை அனுப்பல. கேம்ப்ல டிரில் குடுத்தாங்க, கமாண்டெல்லாம் இந்துஸ்தானி, பக்கத்துல நிக்கிறவன் என்ன செய்யுறானோ அதைப் பாத்து செஞ்சோம்னு சொல்வாரு. அப்புறம் மாண்டலே பக்கத்துல இருக்குற மேமியோவுக்கு அனுப்புனாங்க, அங்க ஐஎன்ஏ ஆஸ்பத்திரி இருந்துச்சு. ஜப்பான்காரனோட சேந்து இம்பால்ல சண்டை போட்டுத் தோத்து, ஜூலைல இருந்து மழையோட மழையா திரும்பி வந்தவங்களை தூக்கிப் போடுற வேலை. மூட்டை தூக்குனவன் தோளுன்னு பாத்து குடுத்தாங்க போல. குண்டடிபட்டவங்க கொஞ்சம்தானாம், மலேரியாவும் வயித்துப்போக்கும்தான் பாதிக்கு மேல, எலும்பும் தோலுமா, சில பேரை ஒரு ஆளே தூக்கிரலாம்னு சொல்வாரு. ஜான்சி ராணி படைப் பொண்ணுங்க அங்க நர்ஸ் வேலை பாத்தாங்க, அந்தப் படைக்குத் தலைவியான கேப்டன் லட்சுமியம்மாவ தூரத்துல நின்னு பாத்திருக்காராம். பக்கத்துல போயி ஜெய்ஹிந்த் சொல்ல பயமாம், டாக்டரம்மான்னாலே ஊர்ல கூட பயந்தான்.

அவரு மேமியோவுல இருந்தப்ப பாட்டி ரங்கூன்ல ரெண்டு பிள்ளைங்களோட தனியா. இந்தத் தடவை குண்டு போட்டது பிரிட்டிஷ்காரனும் அமெரிக்காக்காரனும். சைரன் அடிச்சா பள்ளத்துக்குள்ள எறங்கணும், பெரிய பிள்ளை எறங்காதாம், பாம்பு இருக்கும்னு அழுமாம், அதை அடிச்சு உள்ள தள்ளணும். புருஷன் சிப்பாய்னு ரேஷன் கெடைச்சுச்சு, அதுவும் 44 கடைசியில சரியா வரல, மரவள்ளிக் கெழங்கை வேகவச்சு காலத்தை ஓட்டுனாங்க. உங்க கட்டுரையில பொம்பளைங்கன்னு வந்தா கையில துப்பாக்கியோட ஜான்சி ராணி படை மட்டும்தான் வருது. பாட்டி மாதிரி ஆளுங்க எந்தப் படையிலயும் இல்ல, ஆனா அந்த ரெண்டு வருஷத்தை ஓட்டுனது அவங்கதான்.

45 மார்ச் கடைசியில பர்மாத் தலைவர் ஆங் சானோட படை ஜப்பான்காரன் மேலயே திரும்பிருச்சு. தாத்தா அதுக்குள்ள ரங்கூனுக்கு வந்து சேந்துட்டாரு. லோகநாதன் தலைமையில நின்ன அந்த 6,000 பேருல அவரும் ஒருத்தரு. ஃப்ரேசர் தெரு காளியம்மன் கோயிலுக்கும் மொகல் தெருவுக்கும் நடுவுல ராத்திரி ரோந்து, அப்புறம் பசுண்டாங் பக்கம் ஒரு அரிசி கிட்டங்கிக்கு காவல் போட்டாங்க, அவரு மூட்டை தூக்குன மில்லுக்கு பக்கத்துலயேதான். கையில ஒரு பழைய ரைஃபிள், தோட்டா இருந்துச்சான்னு கேட்டா சிரிப்பாரு, பதில் வராது. ராத்திரியில சாக்கைத் தூக்கிக்கிட்டு ஆளுங்க வந்தாங்களாம். பர்மாக்காரன், நம்மாளு, சீனாக்காரன், எல்லாந்தான், பாதி பேரு இவருக்கு மூஞ்சி தெரிஞ்ச தெருக்காரங்க. அரிசிக்கு வந்தவன மெரட்டி அனுப்புனேன், தீப்பெட்டியோட வந்தவனத்தான் அடிச்சேன்னு சொல்வாரு. ரங்கூன்ல அப்ப சட்டம் ஒழுங்குன்னா இதுதான் சார், மூட்டை தூக்குற ஒருத்தரு இருட்டுல நின்னு எவன் பசிக்கு வர்றான் எவன் கொளுத்த வர்றான்னு பாத்துப் பிரிச்சு அனுப்புறது. 42ல எரிஞ்ச மாதிரி 45ல ஊரு எரியலன்னா அதுக்கு இவங்களும் ஒரு காரணம். அதே நேரத்துல ரங்கூன் ஜெயில்ல இருந்த வெள்ளைக்கார கைதிங்க, ஜப்பான்காரன் போயிட்டான்னு கூரை மேல பெருசா பெயிண்ட்ல எழுதிப் போட்டும் மேல பறந்த பிளேன்காரன் நம்பாம குண்டு போட்டுட்டுப் போனானாம், அது வேற கூத்து.

பாட்டிக்கு இதுல ஒரு கோவம் சாகுற வரைக்கும் தீரல. அரிசி கிட்டங்கிக்கு காவல் நின்ன மனுசன் வீட்டுக்கு ஒரு படி அரிசி கொண்டு வரல. வீட்டுல பிள்ளைங்க கெழங்கு தின்னுக்கிட்டு இருக்கு. கேட்டா டியூட்டின்னு சொன்னாராம். அந்த வார்த்தைய அவங்க கடைசி வரைக்கும் கெட்ட வார்த்தை மாதிரித்தான் சொல்வாங்க.

மே மாசம் பிரிட்டிஷ் பட்டாளம் வந்து ஆயுதத்தை வாங்கிக்கிட்டு இவங்களை உள்ள வச்சுட்டாங்க. விசாரிச்சு, ஆளு எப்படிப்பட்டவன்னு பாத்து கறுப்பு, சாம்பல், வெள்ளைன்னு தரம் பிரிச்சாங்க. தாத்தா பழைய பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரர் இல்ல, மில்லுல இருந்து சேந்த ஆளு, அதனால கொஞ்ச மாசத்துல வெளிய விட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா சம்பளத்துல மிச்சம் பிடிச்ச ஜப்பான் நோட்டு எல்லாம் செல்லாதுன்னு அறிவிச்சிருந்தாங்க. எங்க அப்பாவும் அத்தையும் அதை வச்சுத்தான் கடை விளையாட்டு விளையாடுனாங்களாம். அப்புறம் 1964ல பட்டாள ஆட்சி நடத்துன நே வின் அம்பது நூறு கியாட் நோட்டை செல்லாதுன்னான், 85ல ஒருக்கா, 87ல ஒருக்கா. எங்க குடும்பத்துக்கும் நோட்டுக்கும் ராசியே கெடையாது சார்.

64க்கு அப்புறம் கடை, மில்லு எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, நம்ம ஜனம் லட்சக்கணக்குல கப்பலேறுனாங்க, நகை நட்டைக் கொண்டு போக விடல, பேப்பரு பத்திரம்கூட பல பேரு கொண்டு போக முடியல. தாத்தா போகல. ஊர்ல யாரு இருக்கான்னு உக்காந்துட்டாரு. உக்காந்தவருக்கு கெடைச்சது வெளிநாட்டுக்காரர்னு ஒரு அட்டை, வருசா வருசம் பணம் கட்டிப் புதுப்பிக்கணும். ரங்கூனைக் காவல் காத்தவரு செத்தது வரைக்கும் ரங்கூனுக்கு வெளிநாட்டுக்காரரு. இந்தியாவுல 1972ல சுதந்திரப் போராட்டக்காரங்களுக்கு பென்ஷன் கொண்டு வந்தாங்க, ஐஎன்ஏவுக்கும் உண்டு, ஆனா ஜெயில்ல இருந்ததுக்கு சர்டிபிகேட் வேணும், இல்லன்னா கூட இருந்த ஒரு ஆளு எழுதிக் குடுக்கணும். இங்கேருந்து கப்பலேறிப் போன எத்தனை பேருகிட்ட அது இருந்திருக்கும்? எங்க தாத்தாகிட்ட இருந்த ஒரே காகிதத்தை 62ல பட்டாளம் ஆட்சியப் புடிச்சப்ப பாட்டி அடுப்புல போட்டுட்டாங்க, எந்தப் பேப்பரு எப்ப ஆளை உள்ள தள்ளும்னு யாருக்கும் தெரியாத நேரம்.

ரங்கூன்லேருந்து வடக்கே பியே ரோட்டுல போனா தாவ்ச்சான்ல பிரிட்டிஷ் போர்க் கல்லறை இருக்கு. 6,374 பேரை அங்க பொதைச்சிருக்காங்க, ஒடம்பு கெடைக்காதவங்க பேரு கிட்டத்தட்ட 27,000, பெரிய பெரிய கல்தூண்ல செதுக்கியிருக்கு. எரியூட்டுன இந்து, சீக்கிய சிப்பாய்ங்களுக்கு தனியா ஒரு நினைவுச் சின்னம், அதுல ஆயிரம் பேருக்கு மேல. புல்லு அவ்வளவு அழகா வெட்டியிருப்பாங்க. நம்ம மெட்ராஸ் சாப்பர் ஆளுங்க, பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம் படையோட வந்து சிண்ட்வின் ஆத்துக்குப் பாலம் போட்டவங்க, அந்தப் பக்கத்துலயும் ஏழை வீட்டுப் பிள்ளைங்கதான் சார், அவங்களும் சம்பளத்துக்குத்தான் வந்தாங்க, அவங்க பேரு கல்லுல இருக்குறதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். சண்டையில எதிர் எதிரா நின்னது ஒரே தாலுக்காக்காரங்களா கூட இருந்திருக்கும். எனக்கு வயித்தெரிச்சல் அவங்க மேல இல்ல. வெள்ளைக்காரன் அவனுக்காக செத்த சமையக்காரன் பேரைக்கூட எழுதி வச்சிருக்கான், நாம தலைவருக்கு செல வச்சுட்டு நிறுத்திக்கிட்டோம். 2022ல டெல்லி இந்தியா கேட்ல நேதாஜிக்கு செல தொறந்தாங்க, டிவியில பாத்தேன், கம்பீரமா இருந்துச்சு. சிங்கப்பூர்ல ஐஎன்ஏவுக்கு 45லயே நேதாஜி அடிக்கல் நாட்டுன நினைவுச் சின்னத்தை வெள்ளைக்காரன் திரும்பி வந்த கையோட இடிச்சுத் தள்ளிட்டான்னு திட்டுறோம். சரி, திட்டலாம். நம்மளா எழுதி வைக்கிறதுக்கு யாரு தடுத்தா இத்தனை வருசமா?

செல எல்லாம் வேணாம் சார், உங்களால முடிஞ்ச ஒண்ணு சொல்றேன். இங்கேருந்து போனவங்க குடும்பங்க உங்க பேப்பர் படிக்கிற ஊர்லதான் இருக்கு, திருச்சி, தஞ்சாவூர், காரைக்குடின்னு பல ஊர்ல பர்மா காலனின்னே பேரு இருக்கு, சென்னையில பர்மா பஜார்ல கடை வச்சிருக்குறவங்க இருக்காங்க. வாரத்துக்கு ஒரு நாளு ஒரு சின்னப் பெட்டி ஒதுக்குங்க. ஆளு பேரு, சொந்த ஊரு, பர்மாவுல என்ன வேலை பாத்தாரு, படையில என்ன வேலை, வீட்டுல யாரு யாரு இருந்தா, அவ்வளவு போதும். டிரைவரா, சமையலா, வண்ணாரா, வண்டி ஓட்டுனாரா, எதுவா இருந்தாலும் போடுங்க. படையில சேந்ததுக்கு காரணம் சோறுன்னு பேரன் எழுதி அனுப்புனா அதை வெட்டிட்டு நாட்டுப்பற்றுன்னு நீங்க மாத்தாதீங்க, அது ஒண்ணுதான் என் கண்டிஷன். போட்டோ கேக்காதீங்க, பாதி வீட்டுல இருக்காது. பொண்டாட்டி பேரையும் கேட்டு வாங்கிப் போடுங்க.

இங்க சிரியம், பீலிக்கான், பெகு, மோல்மீன் பக்கம் இருக்குற குடும்பங்களை நானும் கடையில ஒத்தாசைக்கு இருக்குற பையனும் சேந்து கேட்டு எழுதி அனுப்புறோம், சில பேருக்கு தமிழ் எழுத வராது, பர்மா பாஷையில சொல்லுவாங்க, நாங்க தமிழ்ல டைப் பண்ணிருவோம். பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு எல்லா ஊர்லேருந்தும் சனம் வரும், அங்கயே ஒரு நோட்டு போட்டு உக்காந்தா நெறைய பேரு தேறும். நீங்க சரின்னு ஒரு வரி பேப்பர்ல போட்டா போதும், மச்சான் போட்டோ எடுத்து அனுப்பிருவாப்ல, நாங்க வேலைய ஆரம்பிச்சுருவோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
சிரியம், பர்மா.